வானம் பார்த்த செடி

சமவெளியில் இருப்பவர்களுக்கு மார்கழி என்றாலே பூக்காலம். வாசற்கோலத்தின் நடுவே பூசணிப்பூவும், கடைவீதியில் கூடை கூடையாகச் சாமந்தியும், நர்சரிகளில் வரிசை வரிசையாகப் பெட்டூனியாவும் டேலியாவும் வந்து குவிகிற அந்த மாதத்தில், அங்கே தொட்டி வைத்திருப்பவர் எவரும் தம் செடிகளின் உயிரைப் பற்றிக் கவலைகொள்வதில்லை. உதகமண்டலத்தில் வசிக்கும் எங்கள் நிலைமை இதற்கு நேர் விரோதமானது. வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்து, மேகங்கள் கலைந்து, ஆகாயம் நிர்மலமாகிவிடும் நவம்பர் மாதத்து அந்திப்பொழுது தொடங்கி, மாசி பிறந்து மகா சிவராத்திரி வந்து போகும் வரையில், கடல்மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் இவ்வூரில் தோட்டம் வைத்திருப்பவன், ஒவ்வொரு மாலையும் வாசலுக்கு வந்து ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறான்.

மே மாதத்து மலர்க்கண்காட்சியின் உற்சாகத்தில் வாங்கி வைத்த செடிகளை ஜனவரியில் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, ஏப்ரலில் மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போவது எங்கள் தெருவில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. "எல்லாம் ஒரு சீசன் செடிதானே சார், பனியில போறது போகட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பணம் அவர்களுடையது, அதில் நான் தலையிட நியாயமில்லை. ஆனால் அந்தச் செடிகளில் சரிபாதிக்கு ஒரு பருவத்தோடு சாகவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதை மட்டும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

ஒரு பருவத்துக்கென்று விற்கப்படும் பூச்செடிகளில் உண்மையில் இரண்டு வம்சங்கள் கலந்து கிடக்கின்றன. செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், காசித்தும்பை முதலியவை முதல் வம்சத்தைச் சேர்ந்தவை. முளைத்து, பூத்து, விதை முற்றியதும் தம் காரியம் முடிந்ததென்று தாமே உலர்ந்துவிடும் சுபாவம் கொண்ட இவற்றைக் கண்ணாடி மாளிகைக்குள் வைத்து உபசரித்தாலும் மறு ஆண்டுக்குக் கொண்டுபோக இயலாது. இரண்டாவது வம்சத்தின் கதையே வேறு. தென்னாப்பிரிக்காவின் கேப் பிரதேசத்திலிருந்து வந்த ஜெரேனியம், தென் அமெரிக்கப் பெட்டூனியா, பிரேசில் நாட்டுச் செஞ்சால்வியா, கிழக்கு ஆப்பிரிக்க இம்பேஷன்ஸ், தென்கிழக்கு ஆசியாவின் கோலியஸ், மெக்சிகோ மலைகளின் டேலியா ஆகிய இவையெல்லாம் தத்தம் சொந்த மண்ணில் பல ஆண்டுகள் வாழ்பவை. ஐரோப்பாவின் நீண்ட குளிர்காலத்தில் திறந்த வெளியில் நிற்கமாட்டாமல் அவை மடிந்ததால், அங்குள்ள தோட்டக்காரர்கள் ஆண்டுதோறும் புதிதாக வளர்க்கும் வழக்கத்தை மேற்கொண்டனர்.

ஆனால் அவர்களிலும் வசதியுள்ளவர்கள் எல்லாவற்றையும் சாகவிட்டுவிடவில்லை. இங்கிலாந்தில் கண்ணாடிமீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845-ல் நீக்கப்பட்டபின், கண்ணாடி அறை கட்டுவது நடுத்தரக் குடும்பத்தாருக்கும் எட்டுகிற காரியமாயிற்று. ஜெரேனியத்தை இலையுதிர்காலத்தில் உள்ளே எடுத்து வைத்துக் கோடையில் பாத்திகளில் பரப்பும் மோகம் அக்காலத்தில்தான் உச்சத்துக்குப் போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1848-ல், கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் இங்கே வந்து எங்கள் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். பூக்களின் மீதுள்ள ஆசை கப்பலேறி எங்கள் மலைக்கு வந்து ஊர்முழுதும் பரவிவிட்டது. அவற்றைப் பனிக்காலத்தில் காப்பாற்றும் பழக்கம் மட்டும் பூங்காவின் வேலியைத் தாண்டி வீடுகளுக்குள் அவ்வளவாக வரவில்லை.

இத்தனைக்கும் எங்கள் குளிர் அவர்கள் குளிரைப்போன்றதன்று. அங்கே நாட்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், நிலம் உறைந்து கிடக்கும். இங்கேயோ, விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடந்த அதே நாளில், பத்து மணிக்குக் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். நிலத்தின் மேற்பரப்பைத் தாண்டிக் குளிர் உள்ளே இறங்குவதில்லை. ஆகையால் இவ்வூரில் ஒரு செடியைப் பனிக்காலத்தில் காப்பதென்பது, சில குறிப்பிட்ட இரவுகளில், விடிவதற்கு முந்தைய சில மணி நேரத்தை மட்டும் அதற்குக் கடத்திக் கொடுப்பதாகும்.

அந்தச் சில மணி நேரத்தில் நடப்பது என்ன? இதில்தான் பெரும்பாலோர் தவறான சத்துருவோடு சண்டையிடுகிறார்கள். குளிர் என்ற ஒரு வஸ்து எங்கிருந்தோ காற்றில் வந்து செடியைத் தாக்குவதாக நினைத்து, காற்றை மறிக்கத் தட்டி கட்டுகிறார்கள். உண்மையில் காற்று வீசும் இரவில் உறைபனி விழுவதே அபூர்வம். மேலேயுள்ள சற்றே வெதுவெதுப்பான காற்றைக் கீழே கொண்டுவந்து கலப்பதன் மூலம் அது செடிக்கு உபகாரமே செய்கிறது. பூமியும் புல்லும் இலையும் பகலில் வாங்கிய உஷ்ணத்தை இரவு முழுதும் ஆகாயத்தை நோக்கி இறைத்துக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். மேகமற்ற, காற்றசையாத, ஈரப்பசை குறைந்த இரவில் திருப்பித் தருவார் எவருமில்லாமல், வானத்துக்கு நேராக முகம் காட்டி நிற்கிற இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் பல டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. நேற்றைய குறைந்தபட்ச வெப்பநிலை நான்கு டிகிரி என்று பத்திரிகையில் போட்டிருக்க, வீட்டு வாசலில் புல் உறைந்து கிடப்பதைக் கண்டு சிலர் வானிலைக்காரர்களைப் பரிகாசம் செய்வது உண்டு. அவர்கள் மீது பிழையில்லை; அவர்களுடைய வெப்பமானி ஆளுயரத்தில், கூரையிட்ட பெட்டிக்குள், வானத்தைப் பாராமல் இருக்கிறது.

இந்த உண்மையைச் சாஸ்திர ரீதியாகத் தெளிவுபடுத்தியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் வைத்தியர். பனித்துளியைப் பற்றி 1814-ல் அவர் வெளியிட்ட சிறு நூல், ஒரு நண்பரின் தோட்டத்தில் இரவெல்லாம் குந்தியிருந்து செய்த பரிசோதனைகளின் பலன். புல்தரைக்கு அரையடி உயரத்தில் நான்கு குச்சிகளை நட்டு அவற்றின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்துக் கட்டினார். பக்கங்களெல்லாம் திறந்தே கிடந்தும், கைக்குட்டைக்குக் கீழே இருந்த புல் வெளியிலிருந்த புல்லைவிடப் பல டிகிரி வெப்பமாக இருந்தது. தோட்டக்காரர்கள் மெல்லிய பாயை விரித்துச் செடிகளைக் குளிரிலிருந்து காப்பதாகச் சொல்வதைக் கண்டு, அரைகுறை அறிவின் கர்வத்தில் தாம் முன்பு நகைத்ததுண்டு என்று அந்தப் பெரிய மனிதர் அதே நூலில் ஒப்புக்கொள்கிறார்.

நம் நாட்டில் இதை அதற்கும் முன்னமே பிழைப்புக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அலகாபாத்தில் பனிக்கட்டி செய்த விதத்தை 1775-ல் ராபர்ட் பார்க்கர் என்பவர் விவரித்து எழுதியிருக்கிறார். திறந்த சமவெளியில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அதில் உலர்ந்த கரும்புச் சோகையையும் தட்டையையும் கனமாகப் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளில் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி வைத்துவிடுவார்கள். மேகமில்லாத இரவாயிருந்தால், விடியுமுன் நீரின் மேல் பனிக்கட்டி படிந்திருக்கும். காற்று உறைநிலைக்கு இறங்கவேண்டிய அவசியம் கூட இல்லை. வானம் உஷ்ணத்தை வாங்கிக்கொள்ள, கீழே மண்ணின் வெப்பம் தட்டுக்கு ஏறாதபடி சோகை மறித்துக்கொள்ள, இரண்டுக்கும் இடையில் தண்ணீர் உறைந்தது. இந்தச் சோகையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் அது நமக்குத் தேவைப்படும்.

வெல்ஸையும் பார்க்கரையும் நான் பிற்காலத்தில்தான் படித்தேன். எனக்கு இதை முதலில் சொன்னவர், தோட்ட வேலையிலேயே தலை நரைத்து, இப்போது காந்தலில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர். "குளிரை நீங்க தடுக்க முடியாது சார். செடி வானத்தைப் பார்க்காம மறைச்சுடுங்க, மிச்சத்தை மண்ணு பார்த்துக்கும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக வெல்ஸும் சொல்லவில்லை.

பனிக்காலத்தில் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள், மலர்ப் பாத்திகளின் மீது செடி தெரியாமல் காய்ந்த தழைக்கொம்புகள் செருகிக் கிடப்பதைக் கண்டு, குப்பையை அள்ளாமல் விட்டிருக்கிறார்களோ என்று சந்தேகிப்பதுண்டு. அது குப்பையன்று, கோத்தகிரி மிலார். நுண்ணிய கிளைகள் நெருக்கமாக அடர்ந்த இந்தப் புதர்ச்செடியின் கொம்புகளை வெட்டி வந்து, பாத்தியைச் சுற்றிலும் சாய்வாக ஊன்றி, நுனிகள் செடியின் தலைக்கு மேலே ஒன்றோடொன்று கூடும்படி விட்டுவிடுகிறார்கள். நல்ல வெயிலில் கிட்டத்தில் குனிந்து பார்த்தால் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் விளங்கும். கொம்பு இலைமேல் படுவதில்லை. பக்கங்களில் காற்று போய்வர இடமிருக்கிறது. பகலில் சல்லடையாக வெளிச்சம் இறங்குவதால் தினமும் எடுத்து எடுத்துப் போடவேண்டிய சிரமமில்லை. வானத்தை மறைக்கிறது, மண்ணை மறைக்கவில்லை. பாலிதீன் உறைகளை வாங்கிப் போர்த்துகிறவர்களுக்கு இந்த மூன்று சௌகரியங்களும் கிடையாது. உறை எங்கே இலையைத் தொடுகிறதோ அங்கே இலை உறைந்து போகும். காலையில் எடுக்க மறந்தால் பத்து மணி வெயிலில் உள்ளே புழுங்கி, மூன்றாம் நாள் சாம்பல்நிறப் பூசணம் பிடித்துவிடும். மிலார் கிடைக்காதவர்கள் பழைய வேட்டியையோ சாக்கையோ நான்கு குச்சிகளின் மேல் பந்தலாகக் கட்டினாலே போதும். செடியைத் தண்டோடு சேர்த்து மூட்டையாகக் கட்டுவதுதான் கூடாது. கட்டினால் மண்ணிலிருந்து ஏறிவரும் வெப்பம் மூட்டைக்கு வெளியே போய்விடும்.

அந்த மண் வெப்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு, பனிக்காலத்துக்கு முன் செடியின் அடியில் வைக்கோலும் சருகும் கனமாகப் பரப்பிவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. நிலமே உறைந்துபோகும் நாட்டில் வேரைக் காக்க அது நல்ல உபாயம். நிலம் உறையாத நம் ஊரில், அலகாபாத்துப் பனிக்கட்டி வியாபாரி கரும்புச் சோகையைக்கொண்டு செய்த காரியத்தையே அது செய்கிறது: பகலில் சூரியவெப்பம் மண்ணுக்குள் இறங்காமலும், இரவில் மண்ணின் வெப்பம் இலைக்கு ஏறாமலும் நடுவில் நின்று மறிக்கிறது. டிசம்பர் பிறந்ததும் மூடாக்கை ஒதுக்கிவிட்டு, கொத்திக் கிளறாமல் மண்ணை இறுகலாக விட்டு, முற்பகலில் பாத்தியை மிதமாக நனைத்துவிடுவது என் வழக்கம். உலர்ந்து பொடிந்த மண்ணைவிட ஈரமண் பகலில் அதிக வெப்பத்தைச் சேமிக்கும். இது பாத்திக்குச் சொன்னது. தொட்டிக்கு வேறு நியாயம், அதைப் பிறகு சொல்லுகிறேன்.

இடத்தின் குணத்தையும் கவனிக்கவேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கி, பள்ளத்தில் போய்த் தங்கும். தலைகுந்தாவும் காந்தலும் குதிரைப்பந்தய மைதானமும் உறைபனிச் செய்திகளில் ஆண்டுதோறும் இடம்பெறுவது இந்தக் காரணத்தால்தான். அவற்றைக் காட்டிலும் உயரமான சரிவில் இருக்கும் வீடுகள் அநேக இரவுகளில் தப்பிவிடுகின்றன. ஒரே வீட்டுத் தோட்டத்திலும் இதே கதை நடக்கும். சரிவின் கீழ்ப்புறத்தில் நெருக்கமாக வேலி வைத்திருப்பவர்கள், இறங்கிவரும் குளிர்க்காற்றைத் தம் தோட்டத்துக்குள்ளேயே தேக்கி வைத்துக்கொள்கிறார்கள். வேலியின் அடியில் இரண்டு மூன்று இடங்களில் கிளைகளைக் கழித்து வழிவிட்டால் அது தன்பாட்டில் வெளியேறிவிடும். அயல்வீட்டார் கீழே இருந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

விடியற்காலையில் தண்ணீர் தெளிக்கும் முறையைப் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். பூங்காவின் புல்வெளிகளில் சூரியன் ஏறுமுன் தெளிப்பான்களைத் திறந்துவிடுவதைப் பார்த்து வந்த கேள்வி அது. புல்லின்மேல் படிந்த பனியை மெல்லக் கரைத்து, உறைந்த இலைமேல் வெயில் சுளீரென்று விழாமல் தடுக்க அது உதவும். இலைக்குள் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட சேதத்தை அது மீட்டுத் தராது. இரவிலேயே தெளிப்பானைத் திறந்து, நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பத்தைக்கொண்டு செடியைக் காக்கும் முறை ஒன்று மேல்நாட்டுப் பழத்தோட்டங்களில் இருக்கிறது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் கிடைக்கிறது என்பது மெய்யே. ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும். பாதி இரவில் தண்ணீர் நின்றுபோனால், ஈர இலையிலிருந்து ஆவியாகும் நீர், கொடுத்ததைக் காட்டிலும் அதிகமாக வாங்கிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டுக் குழாயில் நள்ளிரவில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாததால், இந்த முறையை நான் சிபாரிசு செய்வதில்லை.

இனிச் செடிகளின் விஷயம். எல்லாவற்றிலும் என் பிரியத்துக்குரியது ஜெரேனியம். பிரியத்துக்குக் காரணம் அழகு மட்டுமன்று, அதன் மனத்திண்மையும் கூட. வறண்ட நிலத்தில் பிறந்ததனால் தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும் அதற்குப் பனிக்காலத்தில் வேண்டியதெல்லாம் ஒரு கூரை விளிம்பும், நம்முடைய அலட்சியமுந்தான். உறைபனி விழுந்த ஒரு விடியலில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்ப் பாருங்கள். கூரை விளிம்புக்கு நேர் கீழே தரையில் கோடு போட்டாற்போல வெள்ளை நின்றுவிட்டிருக்கும். கோட்டுக்கு அப்பாலிருக்கும் தொட்டியில், இலையோரத்து ரோமம் ஒவ்வொன்றின் நுனியிலும் படிகம் ஏறி, இலை விளிம்பில் சரிகை வைத்தாற்போல மின்னும். ஒரு முழம் இப்பாலிருக்கும் தொட்டியில் இலை உலர்ந்து, பச்சையாக, ஒன்றுமே நடவாத பாவனையில் இருக்கும். இரண்டும் சுவாசித்தது ஒரே காற்றைத்தான். அவ்விடத்தில் கணப்பு கிடையாது, போர்வை கிடையாது. வானத்தில் பாதியைக் கூரை மறைத்துக்கொண்டது, அவ்வளவே.

ஆகவே நவம்பர் பிறந்ததும் ஜெரேனியத் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் சுவரோரமாக நகர்த்திவிடுங்கள். பிற்பகலெல்லாம் வெயில் வாங்கிய மேற்குச் சுவராக இருந்தால் விசேஷம். உரம் கொடுப்பதை அக்டோபரிலேயே நிறுத்திவிட வேண்டும். தழைச்சத்து உண்டு கொழுகொழுவென்று எழும் இளந்தளிர்தான் பனிக்கு முதல் பலி. தண்ணீரை, தொட்டியைத் தூக்கிப் பார்த்து அது கனமற்று இருந்தாலொழிய ஊற்றக்கூடாது. இவ்வூரில் தாழ்வாரத்து ஜெரேனியங்கள் பனியால் செத்ததைக் காட்டிலும், குளிரில் வாடுகிறதே பாவம் என்று தினமும் ஊற்றிய தண்ணீரில் தண்டின் அடி கறுத்து அழுகிச் செத்தவையே மிகுதி என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பழுத்த இலைகளை அவ்வப்போது கிள்ளி எறியுங்கள். பூசணம் அங்கிருந்துதான் ஏறுகிறது. குளிர்நாடுகளில் இடவசதியற்றவர்கள், செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, வசந்தகாலத்தில் மறுபடி நடுவார்கள். அப்படியும் பிழைக்கிற ஜாதி அது.

தாய்ச்செடி முதிர்ந்து கட்டையாகிவிட்டிருந்தால் அதைக் காப்பதைவிட அதன் குச்சியைக் காப்பது சுலபம். அக்டோபர் முற்பகுதியில், பூவில்லாத கிளை நுனியில் நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு கணுவின் அடியில் வெட்டி, கீழிலைகளை நீக்கி, வெட்டுவாய் உலரும்படி நிழலில் சில மணிநேரம் போட்டுவைத்து, பிறகு மணல் மிகுந்த கலவையில் ஊன்றுங்கள். மற்றக் குச்சிகளுக்குச் செய்வதுபோல் இதன்மேல் பாலிதீன் பை கவிழ்க்கக்கூடாது. ஈரம் தேங்கினால் அழுகிவிடும். கோலியஸ், இம்பேஷன்ஸ் இரண்டும் இதற்கு நேர்மாறு. அவற்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலோரத்தில் வைத்தாலே வேர்விடும். ஆனால் ஒரே ஓர் உறைபனி போதும், இலையெல்லாம் கொதிநீரில் போட்டெடுத்த கீரைபோலத் துவண்டு கறுத்துவிடும். அவற்றின் தாய்ச்செடிகளுக்காக மெனக்கெடாமல், குச்சிகளை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவதே புத்திசாலித்தனம்.

பூஷியாவை ஒரு பருவச் செடியென்று எங்களூரில் யாரும் நினைப்பதில்லை என்றாலும், பனியில் அதன் நுனி கருகிப்போனதும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடவேண்டாம். கருகிய நுனி, கீழேயுள்ள உயிர்க்கிளைக்குக் குடை. இப்போது வெட்டினால் தளிர் எழும். எழுந்த தளிரை அடுத்த பனி எடுத்துக்கொள்ளும். மார்ச் வரையில் அலங்கோலத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டேலியாவின் தலை கறுத்தால் வருந்தாதீர்கள். அதன் உயிர் கிழங்கில் இருக்கிறது. தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, வடிகால் நன்றாயிருந்தால் கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடலாம். களிமண்ணாக இருந்து நீர் தேங்குமானால், இரண்டு வாரம் கழித்து முள்கரண்டியால் தூர நின்று கிளப்பி, நிழலில் உலர்த்தி, மணலிலோ தென்னை நார்க்கழிவிலோ புதைத்து வைக்கவேண்டும். ஒன்றை மறக்கக்கூடாது: முளை எழுவது கிழங்கின் உடலிலிருந்தன்று, தண்டோடு சேரும் கழுத்திலிருந்து. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. கிழங்கு பிகோனியாவோ பகல் குறுகக் குறுகத் தானே இலையுதிர்த்து உறங்கப் போய்விடும்; தண்ணீரை நிறுத்தித் தொட்டியைப் படுக்கவைத்துவிட்டால் போதும்.

ஆண்டிரைனம், பேன்சி, காலண்டுலா முதலியவை சிறு பனியைப் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் குளிர் சிறிது சிறிதாக ஏறும்போது தம் திசுக்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு தம்மைத் தாமே பதப்படுத்திக்கொள்ளும். பெட்டூனியாவைப் பற்றி என்ன சொல்வது? சாஸ்திரப்படி அதைக் காப்பாற்றலாம். காப்பாற்றியபின் தண்டு நீண்டு, அடி மொட்டையாகி, இரண்டு பூ பூத்து நிற்கும் அதைப் பார்த்தால், ஏன் காப்பாற்றினோம் என்றிருக்கும். விதையிலிருந்து புதிதாக வளர்ப்பதே மேல். கண்காட்சிக்கான நாற்றுவேலையைப் பூங்காவிலேயே பனிக்காலத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள். நாமும் ஜனவரியில் ஜன்னலோரத்துத் தட்டில் விதைத்தால் மே மாதத்துக்குப் பூ வந்துவிடும்.

செண்டுமல்லி, ஜினியா வகையறாவுக்கு விதைதான் ஜீவன். பூ செடியிலேயே காய்ந்து பழுப்பானபின், பனி நனைக்காத பிற்பகலில் பறித்து, காகித உறையில் போட்டு, பெயரும் நிறமும் எழுதி, ஈரம் படாத அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். பளபளப்பான உறையில் கலப்பின விதையென்று வாங்கியதன் சந்ததி தாயைப்போல இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். நிறமும் உயரமும் மாறி வரும். நாட்டு ரகங்களில் இந்த ஏமாற்றம் குறைவு.

சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்று சமவெளியில் சொல்லுவார்கள். எங்களுக்கும் ஏறக்குறைய அது பொருந்துகிறதென்றாலும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியையும் அதே ஜனங்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். பிப்ரவரி மத்தியில் நான்கு நாள் வெதுவெதுப்பாக இருந்ததென்று மிலாரைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். மாதக் கடைசியில், மேகம் மூடிய ஒரு நாளாகப் பார்த்து, முதலில் பாதியை எடுங்கள். நிழலுக்குப் பழகிய இலை, மலைவெயிலை நேரே தாங்காது. ஜெரேனியத்தை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டி, மண் மாற்றி, புதுத்துளிர் விரலளவு வந்தபின் உரத்தைத் தொடங்குங்கள். கிள்ளிய நுனிகளை எறியாமல் ஊன்றினால் ஏப்ரலில் தெருவுக்கே கொடுக்கலாம்.

குன்னூர்க்காரர்களும் கோத்தகிரிக்காரர்களும் இத்தனையும் படித்துவிட்டு, எங்களுக்கு இவ்வளவு பனி ஏது என்பார்கள். மெய்தான், உயரம் குறைவாதலால் உறைபனி அங்கே அபூர்வம், தாழ்வாரமே அநேகமாகப் போதும். அவர்களுடைய கஷ்டம் வேறு. பனிக்காலத்தில் காட்டில் புல் காய்ந்ததும் காட்டுமாடு ஊருக்குள் இறங்கி, அதிகாலையில் தோட்டத்துக்குள் நின்று, நாம் நவம்பரிலிருந்து கண்ணும் கருத்துமாய்க் காத்த பாத்தியைச் சாவகாசமாக மேய்ந்துவிட்டுப் போகிறது. மிலார் அதற்கு ஒரு பொருட்டேயன்று. குன்னூரில் இருக்கும் என் சகலை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்ததாகச் சொல்லித் தொட்டிகளையெல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார். முழு வானத்தையும் பார்க்கிற இடமாயிற்றே, மேலே ஒரு வேட்டியாவது கட்டுங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். கட்டினாராம்; இப்போது குரங்கு வந்து வேட்டியை எடுத்துக்கொண்டு போகிறதாம்.